சான்ஸ் ஓட்டிய கோடாங்கி

அந்த வருஷம் கம்பம் பள்ளத்தாக்கில் சான்ஸ் பிடிக்காத ஆளே இல்லை. உத்தமபாளையத்தில் ஒரு மிராசுதாருக்குச் சான்ஸ். சின்னமனூரில் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் சான்ஸ். கூடலூரில் ஒரு கறவை மாட்டுக்கே சான்ஸ் பிடித்துவிட்டது என்று பேச்சு. போடிக்கு ரயில் வந்து சில வருஷம் ஆகிவிட்டது. அறிவு மட்டும் இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை.

இத்தனை பேருக்கும் பிடித்த சான்ஸை ஓட்ட ஒரே ஒரு மகான்தான் இருந்தார். சுருளிப்பட்டியைத் தாண்டிச் சுருளித் தீர்த்தத்துக்குப் போகிற பாதையில், ஒரு மாந்தோப்பில் கொட்டகை போட்டு உட்கார்ந்திருந்தார். பெயர் ஒச்சாண்டிக் கோடாங்கி. சொந்த ஊர் கோம்பை. அந்த ஊர் நாய்களுக்கு மோப்பம் அதிகம் என்று ஜில்லா முழுக்கப் பேர் உண்டு. கோடாங்கிக்கும் அந்தத் தண்ணீர்தான். எந்த வீட்டில் கோழி கொழுத்திருக்கிறது என்பதை அவர் கொட்டகையில் இருந்தபடியே சொல்லிவிடுவார்.

செவ்வாயும் வெள்ளியும் உச்சிவேளையில் ஓட்டுவார். விடிந்ததிலிருந்தே கட்டை வண்டிகள் வந்து அவிழ்த்துப் போடும். வள்ளிக்கிழங்கு விற்கிறவள், பானகம் விற்கிறவன், தொலைந்துபோன பிள்ளையைத் தேடுகிற அம்மா என்று தோப்பு ஒரு சின்னத் திருவிழாவாக இருக்கும். நானும் அங்கே நின்றவன்தான். வேடிக்கை பார்க்க என்று சொல்லிக்கொண்டுதான் போனேன். அங்கே வந்த எல்லோரும் அதையேதான் சொன்னார்கள்.

சான்ஸ் என்றால் என்ன? அதை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. பேய் என்று தெரிந்த பிறகு பேயிடம் போய் உனக்கு என்ன பொருள் என்று கேட்பார்களா?

ஆனால் அந்தப் பேய் எப்படிப் பிறந்தது என்பதை நான் சொல்ல முடியும்.

சுருளிப்பட்டியில் சுருளிவேல் என்று ஒரு விவசாயி. ஏலமலைக்குக் காய் எடுக்கப் போய் மலைக்காய்ச்சலோடு இறங்கி வந்தான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர் வரும். கட்டில் நடுங்கும். அப்புறம் உடம்பு கொதிக்கும், பிறகு வியர்த்து விடும். மறுநாள் சும்மா இருக்கும். அவன் மனைவி இருளம்மாள் அவனை வண்டியில் போட்டு டவுன் தர்மாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். எந்த டவுன் என்று கேட்காதீர்கள். அந்த டாக்டருக்கு இன்னும் சர்வீஸ் பாக்கி இருக்கிறது.

டாக்டர் நல்லவர். கை வைத்துப் பார்த்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார், கொயினா மருந்து எழுதிக் கொடுத்தார். இருளம்மாள், "எப்படி சாமி இருக்கு அவுகளுக்கு?" என்று கேட்டாள். டாக்டருக்குத் தமிழ் தெரியும். தாய்மொழியே தமிழ்தான். ஆனால் பட்டணத்துக் காலேஜில் படித்துவிட்டு வந்தவர் அதையெல்லாம் வெளியே காட்டிக்கொள்ளலாமா?

"சான்ஸ் இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இருளம்மாளுக்கு அது புது வியாதியாகப் பட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு ஆளுக்குக் காமாலை இருக்கு என்பார்கள், இன்னொரு ஆளுக்குக் கிருமி இருக்கு என்பார்கள். தன் புருஷனுக்குச் சான்ஸ் இருக்கிறதாம். மருந்து ஊற்றுகிற கம்பவுண்டரிடம் போய்ப் பாட்டிலை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

"அய்யா, சான்ஸ் இருக்குன்னு டாக்டரு சொன்னாக. கொஞ்சமா இருக்கா, நெறயா இருக்கா?"

கம்பவுண்டருக்கு அவசரம். "நெறயவே இருக்கும்மா. நீ கவலப்படாம போ."

நிறைய இருக்கிறதாம், கவலைப்படக் கூடாதாம். அவள் வண்டியில் ஏறி அழ ஆரம்பித்தவள் ஊர் வருகிற வரைக்கும் ஓயவில்லை. வழியில் மாந்தோப்பில் உடுக்குச் சத்தம் கேட்டது. அப்போது ஒச்சாண்டி சில்லறைப் பேய்களை ஓட்டிக்கொண்டு அரை வயிற்றோடு இருந்த காலம்.

"என்னத்தா, ஆஸ்பத்திரியில என்ன சொன்னாக?"

"சான்ஸ் இருக்குன்னு சொல்லிட்டாக கோடாங்கி."

ஒச்சாண்டி அந்தச் சொல்லை ஆயுசில் கேட்டதில்லை. ஆனால் தெரியாது என்று சொல்லிவிட்டால் அவர் என்ன கோடாங்கி? கண்ணை மூடினார், தலையை ஆட்டினார்.

"நெனச்சேன். ஏலமலை எஸ்டேட்டுல வெள்ளக்காரன் ஒருத்தன் விழுந்து செத்தான்ல, அவன்தான். அதான் பேரே இங்கிலீசுல இருக்கு. எங்கன இருக்குன்னு டாக்டரு சொன்னாரா?"

"சொல்லல."

"அவருக்குத் தெரியாது. நான் காட்டுறேன் பாரு." சுருளிவேலின் சட்டையைத் தூக்கி, இடது விலாவுக்குக் கீழே அழுத்தினார். மலைக்காய்ச்சல் வந்தவனுக்கு மண்ணீரல் வீங்கிக் கட்டியாக நிற்கும். எந்த வைத்தியனைக் கேட்டாலும் சொல்வான். சுருளிவேல் வலியில் கத்தினான். "இந்தா, கையில தட்டுப்படுதுல்ல. இதுதான் சான்ஸ்."

அப்புறம் மருந்துப் பாட்டிலை வாங்கி நக்கிப் பார்த்தார். "கசக்குதே. இதுதான் அதுக்குத் தீனி. இதைக் குடிச்சா அது உள்ள உக்காந்து கொழுக்கும்." சொல்லிக்கொண்டே பாட்டிலை மண்ணில் கவிழ்த்தார். ஒரு உயிரைக் காப்பாற்றுகிற மருந்து மாமரத்து வேருக்குப் போயிற்று. பாட்டிலை மட்டும் அவர் வைத்துக்கொண்டார்.

வெள்ளைக்காரப் பேய்க்கு வெள்ளைக்காரப் படையல்தானே வைக்க வேண்டும்? ஒரு கருப்புக் கோழி, ஒரு பிராந்தி பாட்டில், ஒரு பொட்டலம் பிஸ்கட். இருளம்மாள் கொண்டுவந்தாள். எங்கே புரட்டினாள் என்று கேட்கிற வழக்கம் கோடாங்கிக்குக் கிடையாது. உச்சி வெயிலில் சுருளிவேலை உட்கார வைத்து வேப்பிலையால் விளாசினார். பிறகு மஞ்சளும் குங்குமமும் அப்பிய ஒரு முட்டையை எடுத்துக் கொதிக்கிற கல்லின் மேல் வைத்தார். உடுக்கை முறுக்கினார். முட்டை ஆடியது. உருண்டது. யாரும் தொடாமல் கல்லின் மேல் தானாக ஓடியது.

"எறங்கிருச்சு. சான்ஸ் போச்சு. இனிமே உன் புருசனுக்குச் சான்ஸே இல்ல."

இருளம்மாள் கோடாங்கியின் காலில் விழுந்து கும்பிட்டாள்.

மறுநாள் சுருளிவேல் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தான். அன்றைக்குக் காய்ச்சல் வராத முறை. அது கோடாங்கி இல்லாவிட்டாலும் வராது. ஆனால் ஊர் அதையா பார்த்தது? முட்டை ஓடியதைப் பார்த்தது, கஞ்சி குடித்ததைப் பார்த்தது. சாயங்காலத்துக்குள் கோம்பை வரைக்கும் செய்தி போய்விட்டது. அதற்கு அடுத்த நாள் சுருளிவேலுக்குக் கட்டில் நடுங்கிய செய்தி அவன் வீட்டு வாசலைக்கூடத் தாண்டவில்லை.

அதிலிருந்து பிடித்தது கூட்டம். இந்தச் சான்ஸ் என்கிற சொல் எங்கெங்கே வருகிறது என்பதே அப்போதுதான் தெரிந்தது. பெரியகுளத்து வக்கீல் ஒருவர் தன் கட்சிக்காரனிடம், கேஸில் சான்ஸ் இருக்கிறது என்று சொன்னார். அவன் அங்கிருந்து நேரே தோப்புக்கு வந்து அதை எடுத்துக்கொண்டான். பேய் போய்விட்ட நிம்மதியில் வாய்தாவுக்கே போகவில்லை. நிலம் போயிற்று. ஒரு வாத்தியார், உங்கள் பயல் பாஸாகச் சான்ஸ் இருக்கிறது என்றார். தகப்பன் பதறிப்போய்ப் பையனைத் தூக்கி வந்தான். பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நாளில் வேப்பிலை அடி. பையன் பெயில். கோடாங்கியின் வாக்குப் பலித்தது என்று இதற்கும் ஒரு கோழி வந்தது. சின்னச்சாமி என்று காட்டிலாகாவில் ஒரு கார்டு. ரேஞ்சர் அவன் தோளைத் தட்டி, உனக்கொரு சான்ஸ் இருக்கு என்று சிரித்தாராம். அந்தச் சிரிப்பை நினைத்து அவனுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அவனும் வந்து எடுத்துவிட்டுப் போனான்.

இப்படி எங்கள் சனம் கோழியும் பிராந்தியும் கொடுத்துத் தங்கள் தங்கள் சான்ஸை ஒழித்துக்கொண்டிருந்தது. உலகத்தில் வேறெங்காவது இப்படி ஒரு காணிக்கை நடந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் கிருபாவதி என்று ஒரு நர்ஸ் இருந்தாள். காய்ச்சல் காலம், மருந்து வாங்க வருகிறவர்கள் வாசல் வரை நிற்க வேண்டும். பெஞ்சு காலியாகக் கிடந்தது. சந்தையில் ஒரு பெண்ணைப் பிடித்து, பிள்ளைக்கு ஏன் மருந்து வாங்க வரவில்லை என்று கேட்டாள். "டாக்டரு சான்ஸ் இருக்குன்னாக தாயி. எடுத்தாச்சு, இப்ப சுத்தமா இல்ல" என்றாள் அந்தப் பெண், பெருமையாக. கிருபாவதி முதலில் சிரித்துவிட்டாள். அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. யார் எடுத்தது, எங்கே எடுத்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் தோப்புக்கு வந்தபோது நானும் இருந்தேன். முன்வரிசையில் ஒரு வண்டி. அதில் சுருளிவேல் வைக்கோலின் மேல் கிடந்தான். உட்கார முடியவில்லை. கண் மேலே சொருகியிருந்தது. இருளம்மாள் புதுக் கோழியும் முட்டைக் கூடையுமாக நின்றாள். முதல் சான்ஸ் போன பிறகு அதன் பெண்டாட்டி வந்து புகுந்துவிட்டது என்று கோடாங்கி சொல்லியிருந்தார். பேய்க்குக்கூடக் குடும்பம் உண்டு, பாருங்கள்.

வெள்ளைச் சேலையோடு நர்ஸ் வருவதைப் பார்த்துக் கூட்டம் வழிவிட்டது. ஆஸ்பத்திரியே வந்துவிட்டது என்று ஒருவர் காதை ஒருவர் கடித்தார்கள். ஒச்சாண்டிக்கு முகமெல்லாம் பல்.

"வா தாயி. ஒனக்கும் சான்ஸா?"

"சான்ஸ் இல்ல கோடாங்கி. அதவிடப் பெருசு. டாக்டரு நேத்துத்தான் சொன்னாக. எனக்கு இன்கிரிமெண்ட் இருக்காம்."

ஒச்சாண்டி கண்ணை மூடினார். உடுக்கு மெதுவாக முனகியது. "எப்ப வரும்னு சொன்னாக?"

"வருசத்துக்கு ஒருக்கா. சித்திரை வாக்குல வருமாம்."

"வெயில்ல வர்றது. அது சான்ஸுக்கு மூத்தது தாயி. ரத்தம் குடிக்கும். ஒன்னைய விட்டா ஆஸ்பத்திரி பூரா தொத்திக்கிரும்."

"ஆமா. தொத்தாதான்னுதான் எல்லாரும் ஏங்கிக் கெடக்காக."

"பயந்துட்டியா? நான் எடுத்துருதேன்."

"எடுத்தா மறுபடி வராதே?"

"இந்த உடுக்கு மேல ஆணை. ஆயுசுக்கும் ஒனக்கு இன்கிரிமெண்ட் கிடையாது." சொல்லிவிட்டு வேப்பிலையை ஓங்கினார்.

"யோவ் கோடாங்கி, நிறுத்துய்யா" என்று ஒரு அலறல். கார்டு சின்னச்சாமி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். சர்க்கார் சம்பளம் வாங்குகிறவனுக்கு எந்த இங்கிலீஷ் சொல் புரியாவிட்டாலும் அந்த ஒரு சொல் தூக்கத்தில் சொன்னாலும் புரியும். "அதுல கையி வைக்காத. அது சம்பளம் கூட்டிக் குடுக்கறதுய்யா. அது வரணும்னுதான் நான் ரேஞ்சர் வீட்டுக்கு வருசக்கணக்கா விறகு சுமக்கேன்."

முதலில் ஒரு கிழவர் சிரித்தார். பிறகு பானகக்காரன். பிறகு தோப்பு முழுக்கச் சிரிப்பு. ஒச்சாண்டி வேப்பிலையை இறக்கவும் முடியாமல் அடிக்கவும் முடியாமல் நின்றார்.

இருளம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. கோழியைக் கீழே விட்டுவிட்டு நர்ஸின் முன்னால் வந்து நின்றாள்.

"அப்ப சான்ஸ்னா என்ன தாயி?"

கிருபாவதி வண்டியைப் பார்த்தாள். சுருளிவேலை அடையாளம் தெரிந்தது.

"இப்படியும் ஆகலாம், அப்படியும் ஆகலாம், ஆனா நல்லபடியா ஆகுறதுக்கு வழி இருக்குன்னு அர்த்தம். ஒங்க வீட்டுக்காரரு பொழைக்க வழி இருக்குன்னு டாக்டரு சொல்லிருக்காக."

"பொழைக்கவா?"

"ஆமா."

"நெறயா இருக்குன்னு அந்தக் கம்பவுண்டரய்யா சொன்னாரு."

"ஆமா. நெறயாத்தான் இருந்துச்சு."

அந்தப் பெண்ணின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவள் காசு கொடுத்து, காலில் விழுந்து, தன் புருஷன் பிழைக்கிற வழியைத் துரத்திவிட்டிருக்கிறாள்.

"அப்ப முட்டை ஓடுச்சே, அது என்ன?" என்று பின்னால் ஒருவன் கேட்டான். மடையனுக்கு அப்போதும் முட்டைக் கவலைதான். ஒச்சாண்டிக்கு உயிர் வந்தது. மளமளவென்று மஞ்சள் முட்டையை எடுத்துக் கல்லில் வைத்து உடுக்கை அடித்தார். முட்டை ஓடியது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"கோடாங்கி, இந்தம்மா கூடையில ஒரு முட்டை இருக்கு. அதுல எறக்குங்களேன்" என்றாள் கிருபாவதி.

"வேற முட்டையில எறங்காது. அது வெள்ளக்காரப் பேயி."

"இது மட்டும் சீமைக் கோழி போட்டதா?"

ஒச்சாண்டி வாயைத் திறப்பதற்குள் இருளம்மாள் குனிந்து அந்த ஓடுகிற முட்டையைப் பிடித்தாள். கல்லின் விளிம்பில் ஒரே தட்டு. மஞ்சள் கருவும் இல்லை, வெள்ளைக் கருவும் இல்லை. வெறும் ஓடு. உள்ளேயிருந்து ஒரு சாணி வண்டு வெளியே வந்து, கல் சுட்டதும் நிழலைப் பார்த்து ஓடியது. பின்பக்கத்து ஓட்டையை மெழுகால் அடைத்து, மேலே குங்குமத்தை அப்பியிருந்தார் மகான். உச்சிவேளையில் மட்டும் பேய் இறங்கியதற்கும் காரணம் வேறொன்றுமில்லை. அப்போதுதான் கல் சுடும்.

"இதுவா எம் புருசன் வயித்துல இருந்துச்சு?" என்று இருளம்மாள் கேட்டாள். சத்தம் போட்டுக்கூடக் கேட்கவில்லை.

இத்தோடு கதை முடிந்தது என்று நினைத்திருப்பீர்கள். நானும் நினைத்தேன். எங்கள் சனத்தை நான் குறைவாக எடை போட்டுவிட்டேன். சின்னச்சாமி பெருங்குரலில் அழ ஆரம்பித்தான்.

"அப்ப ரேஞ்சரு எனக்குச் சொன்னது நல்ல சங்கதியா? அதையும் எடுத்துப்புட்டியேய்யா. எஞ் சான்ஸைத் திருப்பி வையி."

"ஆமா, எனக்கும் வையி" என்றான் கேஸ் தோற்றவன். "எம் மகனுக்கு வையி" என்றான் பெயிலான பையனின் தகப்பன். ஒரு நிமிஷத்தில் தோப்பு முழுக்க அதே குரல். ஓட்டையான முட்டையைக் கண்ணால் பார்த்த கூட்டம், அதே ஆளிடம் சான்ஸைத் திருப்பிக் கேட்கிறது. ஒச்சாண்டி ஒரு மேதை என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஒரு கணம்கூடத் தயங்கவில்லை.

"வைக்கலாம். எடுக்குறதுக்கு ஒரு கோழி. வைக்கிறதுக்கு ரெண்டு."

இரண்டு பேர் கோழிக்கு வீட்டுப் பக்கம் ஓடியதை நான் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன்.

கிருபாவதிக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "ஏய்யா, ஒரு ஆளு இங்கன செத்துக்கிட்டிருக்காரு. நீங்க வண்டுகிட்ட வரங் கேக்கீகளா? ஆம்பளைக யாராச்சும் வந்து மாட்டைப் பூட்டுங்க."

சின்னச்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டிப் பக்கம் வந்தான். நானும் போனேன். இன்னும் சிலரும் வந்தார்கள். மாடு பூட்டுவதைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்கு மெல்ல வெட்கம் வந்தது. வெட்கம் வந்த பிறகு கோபம் வந்தது. கோபம் வந்த கூட்டம் திரும்பிப் பார்த்தபோது கொட்டகையில் உடுக்கு மட்டும் கிடந்தது. கோடாங்கி மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தார், பிராந்தி பாட்டில்களை விடாமல்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சுருளிவேலைப் பார்த்தார். முகம் மாறியது. ஊசி போட்டார். பிறகு வழக்கப்படி வாயைத் திறந்தார்.

"கண்டிஷன் ரொம்ப சீரியஸ். எனிவே..."

இருளம்மாள் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். "தமிழ்ல சொல்லுங்க சாமி."

"என்னம்மா?"

"நல்ல சேதின்னாலும் தமிழ்ல சொல்லுங்க, கெட்ட சேதின்னாலும் தமிழ்ல சொல்லுங்க. போன தடவ நீங்க சொன்னது வெளங்காமத்தான் நானே இவுகளக் கொல்லப் பாத்தேன்."

டாக்டர் கிருபாவதியைப் பார்த்தார். அவள் நடந்ததையெல்லாம் சொன்னாள். டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு சொல்லைத் தாய்மொழியில் சொல்லச் சோம்பல்பட்டு, ஒரு கோடாங்கிக்குக் கொட்டகை போட்டுக் கொடுத்தது தான்தான் என்பது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். காது சிவந்துவிட்டது.

"பிழைக்கலாம். பிழைக்காமலும் போகலாம்" என்றார், சொல் சொல்லாகத் தேடி எடுத்து. "மருந்தை விடாமல் கொடுத்தால் பிழைக்கத்தான் வழி அதிகம்."

"இதை அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல" என்றாள் இருளம்மாள். மருந்துப் பாட்டிலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு புருஷனின் கட்டிலோரம் உட்கார்ந்தாள். பிறகு அவளை அங்கிருந்து யாராலும் எழுப்ப முடியவில்லை.

சுருளிவேல் பிழைத்தான். ஊரில் இப்போதும் அதற்கு ஆளுக்கொரு சாமியின் பெயரைச் சொல்கிறார்கள். அவனை மட்டும் கேட்டால் கொயினாவின் கசப்பைச் சொல்லி முகத்தைச் சுளிக்கிறான். சந்தையில் கிருபாவதி பார்த்த பெண்ணின் பிள்ளையும் தேறிவிட்டது. எல்லோரும் தேறினார்கள் என்று நான் சொல்லவில்லை. தோப்புக்கு வந்தவர்களில் சிலர் அதற்குள்ளேயே சுடுகாட்டுக்குப் போயிருந்தார்கள்.

ஆகவே மகாசனங்களே, புரியாத சொல்லை யாராவது உங்கள் தலையில் போட்டால் உடுக்குச் சத்தம் கேட்கிற பக்கம் ஓடாதீர்கள். சொன்னவனின் சட்டையைப் பிடித்து, அதற்கு என்னய்யா அர்த்தம் என்று கேளுங்கள். அர்த்தம் கேட்டு இதுவரை எவனும் செத்ததில்லை. கேட்காமல் செத்தவர்களை வேண்டுமானால் நான் பெயர் சொல்லிக் காட்டுகிறேன்.